இருநூற்றுப் பன்னிரண்டு நோட்டுகளின் சூடு

அந்த நான்காம் மாடி வீட்டின் அலமாரியில், இரண்டாம் தட்டில் இருந்த பச்சை அட்டை ஆல்பம் முப்பத்தொரு வருடங்களாகச் சூடு ஆறாமல் இருந்தது. கை பொறுக்கும் சூடுதான். அப்போதுதான் தேய்த்து மடித்த சட்டைக்கு இருக்குமே, அவ்வளவு. மகள் குறைமாதத்தில் பிறந்தபோது தொட்டிலுக்கு அடியில் அதை வைத்திருந்தார்கள். காதுவலிக்கும் முதுகுப் பிடிப்புக்கும் அக்கம்பக்கத்தார் வாங்கிப்போவார்கள், சாயங்காலத்துக்குள் திருப்பித் தந்துவிடுவார்கள். மின்வாரியத்திலிருந்து ஒருவர், திருட்டு இணைப்பு இருக்குமோ என்று சந்தேகப்பட்டு இரண்டு முறை வந்தார். வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஆல்பத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “ஆல்பம். சூடு. ஒயர் இல்லை” என்று தன் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆல்பத்தின் சொந்தக்காரர் லிப்ட் பழுதுபார்ப்பவர். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்ட்டுகளை அவர்தான் ஓடவைத்தார், அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிப்ட் கிடையாது. இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. லிப்ட் ஏறி இறங்கும் குழியின் அடித்தளத்தை மாதம் ஒருமுறை கூட்ட வேண்டும் என்பது வேலை விதி. கதவுக்கும் தளத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி உண்டு. அதன் வழியாகச் சாவி விழும், பொத்தான் விழும், வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் பழைய ஓட்டலில் என்றால் அவர்கள் நாட்டுப் பண நோட்டுகளும் விழும். வரவேற்பு மேசையில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆறு மாதம் யாரும் கேட்டு வராவிட்டால் அவரிடமே திருப்பித் தந்துவிடுவார்கள். அப்படித்தான் சேர்க்கத் தொடங்கினார். குழியின் இருட்டில் கிடந்து, எண்ணெய்க் கறையோடும் மடிப்போடும் மேலே வந்த மன்னர்களும் தளபதிகளும் பாய்மரக் கப்பல்களும். எட்டே மாதம் நாடாக இருந்து பிறகு இல்லாமல் போன ஒரு நாட்டின் நோட்டுகள் மட்டும் பதினொன்று இருந்தன. கல்யாணத்தின்போது மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

மனைவி இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். மாடிப்படிக்குக் கீழே கதவு வைத்த ஒரு சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு பெட்டிகள், ஒரு கொடி. அவள் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனவனுக்கு வேலை கிடைக்காமல் இருந்ததில்லை என்று பேச்சு. கல்யாணமான முதல் வருடம், கணவரின் பிறந்தநாளன்று கடைக்கு விடுமுறை விட்டு, மல் துணியை நனைத்துப் பிழிந்து மேலே விரித்து, பெட்டியின் சூட்டைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பதம் பார்த்து, அத்தனை நோட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். ஒரு மடிப்பு மிச்சமில்லை. மன்னர்களின் நெற்றிச் சுருக்கங்கள்கூடப் போய்விட்டன. மீசைக்காரத் தளபதி ஒருவர் ஐந்து வயது குறைந்து தெரிந்தார்.

நோட்டு சேர்ப்பவர்களுக்கு மூன்றே கட்டளைகள். கழுவாதே, ஒட்டாதே, தேய்க்காதே. தேய்த்தால் விரலுக்குத் தட்டுப்படும் மை மேடு அமுங்கிவிடும், அதன் பிறகு அது வெறும் காகிதம். அன்று மாலை லிப்ட்காரர் பக்கங்களைப் புரட்டினார். மனைவி எதிரே நின்றுகொண்டு, பரீட்சை எழுதியவள் மாதிரி அவர் முகத்தையே பார்த்தாள். “நல்லா இருக்கு” என்றார்.

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“பல் வலி.”

மறுநாள் காலை அவளே பல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மருத்துவர் தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், “எல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்றார். மனைவி பக்கத்திலேயே நின்றாள். லிப்ட்காரர் கீழ் வரிசையில் வலது பக்கம் ஒரு கடைவாய்ப் பல்லை விரலால் காட்டினார். அது போயிற்று. அன்றிலிருந்து இடது பக்கமே மென்று சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து ஆல்பத்தை எடுத்தபோது அது இன்னும் சூடாக இருந்தது. நாளைக்கு ஆறிவிடும் என்று நினைத்தார்.

பிறகு வந்த வருடங்களில் மேலும் ஆறு ஆல்பங்கள் நிரம்பின. அவற்றையும் தேய்த்துத் தருவதாக மனைவி சொன்னபோதெல்லாம், “இதெல்லாம் அந்தந்த நாட்டுலயே தேய்ச்சுத்தான் அனுப்புறாங்க” என்பார். “கெட்டிக்காரங்க” என்பாள் அவள். சேகரிப்பாளர்கள் சங்கத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். எந்த நோட்டையும் யாருக்கும் காட்டவில்லை, விற்கவில்லை. வாங்க வருபவர் திறந்ததும் சொல்லப்போகும் முதல் வார்த்தை என்னவென்று அவருக்குத் தெரியும். அதை அவள் காதில் விழாமல் காப்பாற்றுவதே அவருக்கு ஒரு இரண்டாம் வேலையாக இருந்தது. சுபாவத்திலேயே அதிகம் பேசாதவர் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் நின்றபடியே தேய்த்த வருடங்கள் மனைவியின் முழங்காலில் இறங்கின. எழுபத்திரண்டு படிகள். ஏறுவதற்கு முதலில் ஐந்து நிமிடம் ஆனது, பிறகு பத்து, பிறகு நடுவில் உட்காருவதற்கு இரண்டாம் மாடியில் ஒரு முக்காலி வந்தது. எதிர்வரிசையில் தரைத்தளத்து வீடு ஒன்று விலைக்கு வந்தபோது லிப்ட்காரர் மூன்று மாதம் யோசித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “நோட்டெல்லாம் வித்துடலாம்” என்றார்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“பச்சை ஆல்பத்தையுமா?”

அவள் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வாங்குபவரை வரச்சொன்னார்.

வந்தவர் வெளியூர் அம்மாள். கழுத்தில் எப்போதும் பூதக்கண்ணாடி தொங்குவதால் அந்தத் தொழிலில் கண்ணாடியம்மா என்பார்கள். பொய் விலை சொல்லமாட்டார், ஆறுதலும் சொல்லமாட்டார். பத்து வருடமாக அவருடைய விரல்கள் மடங்கி விறைத்துப்போயிருந்தன, பக்கத்தைப் புரட்டுவதற்கே மணிக்கட்டைத்தான் பயன்படுத்தினார். அவர் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் மனைவி வந்து நின்றாள். கடையைச் சாத்திவிட்டு, நல்ல உடை உடுத்தி, தலை வாரி, படியேறி வந்திருந்தாள். “அதுல என் வேலையும் இருக்குல்ல” என்று சொல்லி, பச்சை ஆல்பத்தை அவளே எடுத்து மேசையில் முதலாவதாக வைத்தாள்.

கண்ணாடியம்மா எட்டு மாத நாட்டின் முதல் நோட்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். “யார் தேய்ச்சது?”

“நான்தான்” என்றாள் மனைவி.

கண்ணாடியம்மா வாய் திறப்பதற்குள் லிப்ட்காரர் பேசிவிட்டார். வேறொருவர் சொல்லி அவள் கேட்கக் கூடாது என்று அந்த நொடியில் அவருக்குத் தோன்றியது. “தேய்ச்சா நோட்டுக்கு மதிப்பு போயிடும். அன்னைக்கே போயிடுச்சு. நான் சொல்லல.”

“எவ்வளவு போச்சு?” என்று கண்ணாடியம்மாவைக் கேட்டாள்.

“அந்தப் பணத்துல கீழ்வீடு ஒண்ணு வாங்கியிருக்கலாம்.”

மனைவி கதவைத் திறந்து படியிறங்கினாள். லிப்ட்காரர் அசையாமல் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே கடைக் கதவு திறந்தது. பெட்டி மேசையில் இறங்கும் சத்தம் வந்தது. பதினோரு சட்டைகள் தேய்த்ததாகப் பிற்பாடு சொன்னாள். அவ்வளவு நேரமும் மேலே கண்ணாடியம்மா என்ன செய்வதென்று தெரியாமல் பச்சை ஆல்பத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு படிச்சத்தம் மேலே வரத் தொடங்கியது. இரண்டாம் மாடி முக்காலியில் நின்றது. நெடுநேரம் நின்றது. மறுபடி ஏறியது.

மனைவி வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். “அப்போ அந்தப் பல்லு?”

“நல்ல பல்லுதான்.”

“வலிக்கவே இல்லையா?”

“பிடுங்கினப்போ வலிச்சுது.”

அவள் சுவரில் சாய்ந்தாள். முதலில் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று அவர் எழுந்துவிட்டார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். “கூறுகெட்ட மனுஷன்யா நீங்க” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருந்திருப்பேன். அவ்வளவுதானே? அதுக்குப் போய் ஒரு பல்லையா?” பிறகு கண்ணாடியம்மா பக்கம் திரும்பி, “எல்லாத்தையும் எடுத்துக்கோங்கம்மா. மொத்தம்னா மொத்தம். பச்சையைச் சும்மாவே எடுத்துட்டுப் போங்க” என்றாள்.

“சும்மா எதையும் வாங்கறதில்ல” என்றார் கண்ணாடியம்மா. ஆல்பத்தின் மேலிருந்து கைகளைத் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். பத்தும் நீண்டன. “நோட்டா இதுக்கு விலை கிடையாது. ஹீட்டரா எடுத்துக்கறேன்.” அப்படியே எழுதினார். ஆறு ஆல்பங்களுக்கு நோட்டு விலை, ஏழாவதற்கு ஆயுளுக்கும் ஆறாத, மின்சாரம் கேட்காத ஹீட்டரின் விலை. இரண்டையும் கூட்டினால் வீட்டு விலைக்குச் சரியாக இருந்தது, வெள்ளையடிக்கத்தான் கையிலிருந்து போட வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் தரைத்தளத்துக்குக் குடிபோனார்கள். முக்காலி இரண்டாம் மாடிக்காரர்களுக்கே விடப்பட்டது. மனைவி மேசையை ஜன்னலோரம் போட்டு, முதல் முறையாக உட்கார்ந்து தேய்த்தாள். அங்கே போன மூன்றாவது வாரம் லிப்ட்காரர் சாப்பாட்டின் நடுவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன மூஞ்சி இப்படி இருக்கு?”

“பல் வலி.”

“இந்தத் தடவை நிஜமாவா?” என்று டார்ச் எடுத்து வந்து வாய்க்குள் பார்த்தாள். வலது கீழ்வரிசையில், முப்பத்தொரு வருடம் வெறுமையாக இருந்த இடத்தில், வெள்ளையாக அரிசி முனை அளவுக்கு ஒன்று தெரிந்தது. அதே மருத்துவரிடம் போனார்கள். அவருக்கும் வயதாகியிருந்தது. தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், “எல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்றார். பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, “எடுக்கப்பட்டது” என்று தான் எழுதியிருந்த வரிக்குக் கீழே “திரும்பி வந்தது” என்று எழுதித் தேதி போட்டார். கட்டணம் வாங்கவில்லை. தான் எதுவும் செய்யவில்லையே என்றார்.

பல் முழுதாக வளர இரண்டு மாதம் ஆயிற்று. பழக்கம் விட இன்னும் கொஞ்ச நாள் ஆனது. இப்போது அவர் இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறார்.