ஞானண்ணையைக் கூப்பிட்ட பூனை

"யப்பான் பூனையொண்டு படத்துக்குள்ளை இருந்து என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டது" என்றார் ஞானேந்திரன். இல்ஃபோர்ட் முதியோர் சங்கத்தின் வியாழக்கிழமைக் கூட்டத்தில், தேநீரும் றோல்ஸும் வந்த கையோடு.

முப்பது வருசம் பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர். சங்கத்தில் எல்லாருக்கும் ஞானண்ணை. மழைக்கு ஒதுங்கித் தியேட்டருக்குள் போனாராம். ஏதோ யப்பான் கார்ட்டூன் படமாம். காட்டில் வழி தவறிய ஒரு பெட்டையை ஏய்த்து அவளுடைய மீனைத் தின்றுவிட்டு, கிளையில் கால்மேல் கால் போட்டிருந்த கொழுத்த பூனை, திரும்பி இவரை நேரே பார்த்து "ஞானண்ணை" என்றதாம்.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. குகதாசன் மட்டும் கடித்த றோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

பதினொரு வருசமாக அந்த மண்டபத்தில் கதை சொல்கிறவர் அவர்தான். ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரை அவருடையது. அவருக்குப் பித்தப்பைக் கல் எடுத்த கதையைக் கேட்காதவர் இல்ஃபோர்டில் இல்லை. முதல் வருசம் மிளகளவில் இருந்த கல், போன வருசம் தேசிக்காயளவுக்கு வந்திருந்தது. ஒருவரும் அதைப் பிழை சொன்னதில்லை.

அடுத்த கிழமை ஹீட்டர் கதிரையில் ஞானேந்திரன் இருந்தார். அதற்கடுத்த கிழமையும் அவரேதான். வீட்டிலோ, குகதாசனின் மனைவி செல்வமலர் வெங்காயம் உரித்தபடி பூனைக் குரலில் "ஞானண்ணை" என்று சொல்லிப் பார்த்துத் தானே சிரித்தாள். கல்லுக் கதைக்கு அவள் கடைசியாகச் சிரித்தது எந்த வருசமென்று குகதாசனுக்கு நினைவில்லை.

மூன்றாவது வியாழன் அவர் எழும்பி நின்று, ஞானேந்திரன் சொல்வது பச்சைப் பொய், தானே போய்ப் பார்த்து வந்து சொல்வதாக அறிவித்தார். பொய்யென்றால் கதிரை திரும்பி வரவேண்டும். ஞானேந்திரன் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

"அவருக்கு வயிறெரியுது" என்றாள் பக்கத்துக் கதிரையில் இருந்த செல்வமலர், எல்லாருக்கும் கேட்க.

அவர் தனியே போனார். முன்வரிசையில் குந்தினார். மீன் முடிந்தது. பூனை கிளையில் ஏறியது, மீசையைத் துடைத்தது, வாய் திறந்தது.

"ஞான்... அண்ணை."

குகதாசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கீழே ஆங்கிலத்தில், 'மியாவ், வழி காட்டுகிறேன்' என்று எழுத்து ஓடியது. பூனை இன்னும் இரண்டு தரம் அப்படியே சொன்னது. படம் முடிந்தபிறகும் அவர் எழும்பவில்லை. ஒருவேளை 'குகண்ணை' என்றும் கூப்பிட்டு வைக்குமோ என்ற நப்பாசைதான். கூட்டித் துடைக்கத் தும்புத்தடியோடு வந்த பெண் கதவைக் காட்டிய பிறகே வெளியே வந்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் போனில் தேடினார். யப்பானில் பூனை 'ஞான்' என்றுதான் கத்துமாம். வழிகாட்டலுக்கு அவர்களுடைய சொல் 'அன்னை'. சந்தோசத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். இரண்டையும் தியேட்டர் டிக்கெட்டின் பின்னால் எழுதிச் சட்டைப்பையில் வைத்தார்.

வியாழக்கிழமை அவர் எழும்பியதும் நாற்பது கதிரைகளும் அவர் பக்கம் திரும்பின. கோப்பைகள் வாய்க்குப் போகாமல் நின்றன. அவருக்கும் அந்தக் கண்களுக்கும் எத்தனை கிழமைப் பிரிவு.

டிக்கெட் துண்டை எடுத்தார். இதை வாசிக்க அரை நிமிசம் ஆகும். பிறகு எல்லாரும் றோல்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள். கதிரை வரும், சரி. அதில் இருந்து எதைச் சொல்வது? கல்லும் தேசிக்காய்க்கு மேல் வளர்ந்தால் இனித் தேங்காய்தான்.

துண்டை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"ஓம்" என்றார். "கூப்பிட்டது."

ஞானேந்திரனின் கையிலிருந்த றோல்ஸ் நழுவித் தேநீருக்குள் விழுந்தது.

"ஒருக்கா இல்லை, மூண்டு தரம்" என்று தொடங்கிய குகதாசன், நடந்துபோய் ஹீட்டரில் சாய்ந்துகொண்டார். "மூண்டாந்தரம் கூப்பிட்டிட்டு என்னைப் பார்த்துக் கேட்டது, ஞானண்ணை இண்டைக்கு வரேல்லையோ எண்டு."