ஃபலேசி கொடுத்த வாக்குமூலங்கள்

ஆசிரியர் ஒழுங்கு வாரியத்திடம் ஃபலேசி சொன்ன சொற்களில் ஒன்றுகூட அவளிடம் திரும்பி வரவில்லை. முதல் வாக்குமூலத்தில் நாற்பத்தொன்று போயின, இரண்டாவதில் இருநூற்றுச் சொச்சம். அந்த வருடம் ஏரியில் உசிபா மீன் பாடு குறைவு, மக்காச்சோளம் மூட்டைக்கு இரண்டு மடங்கு விலை. அதெல்லாம் ஊருக்கு நினைவிருப்பதுபோல இதுவும் நினைவிருக்கிறது.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் அம்மா எனெலெசி, ஏரிக்கரையில் பரண் கட்டி உசிபாவைக் காயவைத்து விற்கிறவள். மகள் வாயாடி. பரணில் மீன் பரப்பும்போது எதிர்ப் பரண்காரிகள் பேச்சு கேட்க வேலையை நிறுத்திவிடுவார்கள். கபேசா என்ற ஆறாம் வகுப்பு ஆசிரியர் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தன் சோளக்கொல்லைக்கு ஓட்டிப்போய்க் களை கொத்த விடுவார். ஒரு வெள்ளிக்கிழமை ஃபலேசி நிமிர்ந்து, "சார், இது கணக்குப் பாடமா, அறிவியலா?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கபேசா அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, திருப்பிப் பிடித்து, பிடியால் அவள் இடது காதில் ஒரே அடி அடித்தார். மூன்று நாள் ரத்தமும் நீரும் வடிந்தன. நாலாம் நாள் அந்தக் காது கேட்கவில்லை.

ஊர்த்தலைவர் எனெலெசியைக் கூப்பிட்டு அனுப்பினார். "வாத்தியார் அடிக்காம யார் அடிப்பா? ஒரு கோழி தரேங்கறாரு. வாங்கிட்டுப் பேசாம போ."

"அந்தக் கோழி என் பொண்ணு காதுல விழாததைக் கேட்டுச் சொல்லுமா, அய்யா?" என்று எனெலெசி திருப்பிக் கேட்டாள். மறுவாரம் பள்ளிக்கூட மாமரத்தடியில் உட்கார்ந்து வாரியத்தின் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள்.

நாலு மாதம் கழித்து, முறையீடு கிடைத்தது, அது விசாரிக்கத் தக்கதா என்று விசாரிக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. அடுத்த மாதம் மாவட்ட அதிகாரி ஒருவர் வந்து ஃபலேசி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் எனெலெசி, "அடியே, அந்த மண்வெட்டி எங்கே?" என்றாள். ஃபலேசி ஓடிப்போய் எடுத்து வந்தாள். அது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் அதன் பெயர் வாயில் வரவில்லை. காது, அடி, ரத்தம், கபேசா, எதுவும் வரவில்லை. எழுதிக் காட்டச் சொன்னதற்குக் கரித்துண்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பேசிய சொற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாரியத்துக்குச் சொன்னவை மட்டுமே போயின.

நியாயம் இரு பக்கமும் கேட்க வேண்டும் என்பதால் கபேசாவிடம் பதில் கேட்டார்கள். பிள்ளை மாமரத்திலிருந்து விழுந்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தார். உடனே மாமரத்தைப் பற்றி அவளை விசாரிக்க வேண்டியதாயிற்று. மரம், கிளை, காய், ஏறுவது, இறங்குவது, விழுவது எல்லாம் அப்படிப் போயின. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டபோது தோழிகளின் பெயர்கள் போயின. மழைக்காலம் வந்து, போய், மறுபடி வருவதற்குள் அவள் ஐந்து முறை வாக்குமூலம் கொடுத்திருந்தாள்.

அதில் மூன்றை வாங்கியவர் தலைநகரத்திலிருந்து வந்த கும்வெண்டா அம்மாள் என்ற விசாரணை அலுவலர். கெட்டவர் இல்லை. சிறுமிக்கு பிஸ்கட் கொண்டுவருவார், குரலை உயர்த்த மாட்டார், ஒரு கமாவைக்கூட விடமாட்டார். அவர் கோப்பைத் திறந்தால் உள்ளேயிருந்து ஃபலேசியின் குரல் கணகணவென்று பேசும். மூடினால் நின்றுவிடும்.

"எனக்கும் கேக்குதும்மா" என்றார் எனெலெசியிடம். "ஆனா கோப்பு பேசறது சாட்சி ஆகாது. விசாரணை அன்னிக்குப் பொண்ணு நேர்ல வாயைத் திறந்து சொல்லணும்."

"அப்போ இனிமே கேக்காதீங்க. மிச்சம் இருக்கறதையாவது விட்டுவைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கேக்காம எப்படிம்மா முடிக்கறது? அந்தத் தேதியில ஒரு சின்னச் சந்தேகம். இன்னும் ஒரே ஒரு தடவை." அந்த ஒரு தடவையில் கிழமைகள் ஏழும் போயின.

இடையில் வாரியம் ஒரு சமரசத்துக்கு வழி சொன்னது. கபேசா தவறை ஒப்புக்கொண்டால் கண்டனக் கடிதத்தோடு விஷயம் முடியும், விசாரணை வேண்டாம். கபேசா மறுத்துவிட்டார். சிறுமியின் சொற்கள் தீர்ந்து வருவது அவருக்குத் தெரிந்திருந்தது. சந்தையில் எனெலெசியைப் பார்த்தால் மீனைப் புரட்டிக்கொண்டே கேட்பார்: "என்ன எனெலெசி, வீட்ல வார்த்தை கையிருப்பு எவ்வளவு? வறட்சிக்குத் தாங்குமா?" பக்கத்துக் கடைக்காரிகள் சிரிப்பார்கள். ஏரிக்காற்றில் எல்லோருக்கும் சிரிப்பு சீக்கிரம் வரும்.

மூன்றாம் வருடம் விசாரணைக்கு நாள் குறித்தபோது ஃபலேசியிடம் நாலு சொற்கள்தான் இருந்தன. அவள் பெயர், 'ஆமா', 'அம்மா', 'அவருதான்'. எனெலெசி யோசித்துப் பார்த்து, இது போதும் என்று முடிவு செய்தாள். பேருந்தில் ஏழு மணி நேரமும் மகளின் கேட்கும் காதில் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். "யாரு அடிச்சாங்கன்னு கேப்பாங்க. அந்த ஆளைக் கையைக் காட்டி 'அவருதான்'னு சொல்லு. அது போதும் தாயி. அதுவரைக்கும் அதைத் தொடாதே."

விசாரணை மண்டபத்தில் மின்விசிறி ஓடியது. வாரியத் தலைவர் முறைப்படி பெயரைக் கேட்டார். ஃபலேசி சொன்னாள், பெயர் போயிற்று. உண்மை மட்டும் சொல்வாயா என்றார். ஆமா என்றாள், அதுவும் போயிற்று. யாரோடு வந்தாய் என்று அன்பாகக் கேட்டார். அவள் திரும்பி எனெலெசியைப் பார்த்தாள். எனெலெசி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சாட்சிக்குச் சைகை காட்டக் கூடாது என்று ஒருவர் அதட்டினார். "அம்மா" என்றாள் ஃபலேசி. அதற்குப் பிறகு எனெலெசியை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, அவளுக்கு வேறு பிள்ளை இல்லை.

கபேசாவின் வக்கீல் எழுந்தார். அவர் வாசலில் நின்ற வாரிய ஓட்டுநரைக் காட்டி, "பேருந்து நிலையத்திலேர்ந்து உங்களைக் கூட்டிட்டு வந்தது யாரும்மா? அதோ நிக்கறாரே, அவரா?" என்று மட்டும் கேட்டார்.

அவர்தான் கூட்டி வந்தார், வழியில் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்திருந்தார். ஃபலேசி உண்மை சொல்வதாக ஒப்புக்கொண்ட பிள்ளை. "அவருதான்" என்றாள்.

எனெலெசி முகத்தை மூடிக்கொண்டாள்.

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார். பிறகு தலைவர், உன்னை அடித்தது யார் என்று கேட்டார். ஃபலேசி வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எழுந்து நின்று கபேசாவை நோக்கிக் கையை நீட்டி, இறக்காமல் வைத்திருந்தாள். தட்டச்சர், 'சாட்சி பதில் சொல்லவில்லை' என்று அடித்தார். கும்வெண்டா அம்மாள் எழுந்து கோப்பைத் திறக்க அனுமதி கேட்டார். அதற்கு விதி இல்லை என்றார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

குற்றம் நிரூபணமாகவில்லை. பிள்ளைகளைக் கொல்லைக்கு அழைத்துப் போனதற்காகக் கபேசாவுக்கு ஒரு கண்டனக் கடிதமும், ஆசிரியர் நடத்தை பற்றிய இரண்டு நாள் பயிற்சியும் கிடைத்தன. அந்தப் பயிற்சிச் சான்றிதழைக் காட்டி மறுவருடம் தலைமையாசிரியர் ஆனார்.

முடிந்த கோப்புகளை வாரியம் ஏழு வருடம் வைத்திருக்கும். பிறகு எடைக்குப் போட்டுவிடும். அந்தக் கெடு முடிந்த வருடம் பழைய தாள் மூட்டைகள் எங்கள் பக்கத்துப் பேருந்து நிலையம்வரை வந்தன. வறுத்த நிலக்கடலை விற்கிற பெண்கள் அதில் பொட்டலம் மடித்தார்கள். சில பொட்டலங்கள் பேசின. ஜனங்கள் கேட்டுக்கொண்டே தின்றார்கள். நீளமாகப் பேசுகிற பொட்டலத்தில் கடலை குறைவு என்று மட்டும் புகார் இருந்தது.

கபேசாவும் ஒருநாள் வாங்கினார். மீன் கூடையோடு பேருந்துக்கு நின்ற எனெலெசி பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு சிறுமியின் குரல், கபேசா சார் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்ததையும் அடித்ததையும் முதலிலிருந்து கடைசிவரை தெளிவாகச் சொன்னது. கடலை தீரும்வரை அவர் கேட்டார். பிறகு விற்றவளிடம், "உப்பு கம்மிம்மா" என்று சொல்லித் தாளைக் கீழே போட்டுவிட்டுப் பேருந்து ஏறினார்.

எனெலெசி அதை எடுத்து மண்ணைத் தட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். இருபத்திரண்டு வயது ஃபலேசி பரணில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி வலது காதருகே பிடித்துக் கேட்டாள். அந்தச் சின்னப் பெண் எத்தனை வேகமாகப் பேசுகிறாள் என்று அவளுக்கு ஓர் இடத்தில் சிரிப்பு வந்தது. இன்னொரு முறையும் கேட்டாள். பிறகு ஒரு வாடிக்கைக்காரி வரவே, அந்தத் தாளிலேயே மூன்று பிடி உசிபாவைப் போட்டு மடித்துக் கொடுத்தாள். வாங்கியவள் பொட்டலம் பேசுவதைப் பொருட்படுத்தாமல், இன்னும் ஒரு பிடி போடச் சொல்லிப் பேரம் பேசினாள்.