கண்ணாடிப் பெட்டிக்குப் போன பிரேக்

1987-இல் சிங்கராயர் அண்ட் சன்ஸுக்கு வெள்ளி விழா. மலைமேல் ஒண்டிக்கடை முக்கில் ஒற்றை லாரியும் ஓர் அலமாரி உதிரி பாகமுமாகத் தொடங்கிய கம்பெனிக்கு இப்போது அடிவாரத்தில் கிடங்கு, சேலத்தில் ஆபீஸ், நாற்பது லாரி. அந்த வரலாற்றை, அதே மலைமேல் போட்ட மேடையில் முதலாளி சிங்கராயர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். மைக் கிடைத்தால் மனுஷர் லேசில் விடமாட்டார். அரைமணி நேரமாகியும் 1968-ஐத் தாண்டவில்லை.

ஸ்டோர்கீப்பர் ஞானசுந்தரத்துக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. மேடைக்குப் பக்கத்தில் மாலையோடு நின்ற முதல் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழாக் கண்காட்சியில் வைக்க முதல் லாரியின் பாகம் ஒன்று கேட்டிருந்தார்கள். பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளிச் சக்கரத்தைப் பிடிக்கவைக்கும் மாஸ்டர் சிலிண்டரை அவர்தான் கழற்றித் துடைத்து, கண்ணாடிப் பெட்டியில் பட்டுத்துணி விரித்து வைத்தார். ஷெட்டிலிருந்து மேடை வரைக்கும் வந்து மாலையோடு நிற்கப்போகிற லாரிதானே என்று, கழித்துப்போட்ட பழசு ஒன்றை அதன் இடத்தில் மாட்டிவிட்டார். கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு எண்ணெய் கசிந்து பெடல் தரையைத் தொட்டுவிடும்.

இப்போது முதலாளி புதிதாக ஓர் அறிவிப்பு செய்துவிட்டார். பேச்சு முடிந்ததும் அந்த லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு அடிவாரம் போவாராம். பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் பின்னால் ஏறிக்கொள்ள வேண்டுமாம். இறக்கத்தில் இருபது கொண்டை ஊசி வளைவு.

காளியாயி முதலில் ஏறினாள். பின்னாலேயே பதினோரு பேர் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஞானசுந்தரத்தின் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் போன வருஷம் தப்பான போல்ட் எடுத்துக் கொடுத்தவனையே சிங்கராயர் நின்ற நிலையில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இவருக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம். ஒருவேளை முதல் வளைவிலேயே முதலாளிக்குத் தெரிந்துவிடும், நிறுத்திவிடுவார் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார். பேச்சு முடிந்தது. சிங்கராயர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அப்போதும் இவர் அசையவில்லை.

அந்த நேரத்தில் காளியாயி கை நீட்ட, விழா பார்க்க வந்திருந்த ஞானசுந்தரத்தின் மனைவி சாந்தாமேரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியில் ஏறினாள்.

எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. பம்பரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "வண்டிய எடுக்காதீங்க. பிரேக் புடிக்காதுங்க. நாந்தானுங்க பழச மாட்டுனேன்."

சிங்கராயர் நம்பவில்லை. நின்ற வண்டியிலேயே பெடலை மிதித்துப் பார்த்தார். ஏழாவது மிதி தரையில் போய் இடித்தது. அவர் இறங்கினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் ஞானசுந்தரத்திடம் சொல்லிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலை போனது ஞானசுந்தரத்துக்கு உறைக்கவே இல்லை. மனைவி பிழைத்தாளே, அது போதும் என்றிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய காளியாயி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, நாங்க பன்னெண்டு பேரும் ஏறி நொம்ப நேரமாச்சுங்களே. அக்கா ஏறுன பொறவுதானுங்களா சொல்லோணும்னு தோணுச்சு?"

அவர் மனைவியைப் பார்த்தார். சாந்தாமேரியும் அவருடைய பதிலுக்காகத்தான் காத்திருந்தாள்.