சாட்சி எஃப்

நீதிமன்றக் காகிதக் கட்டு கைக்கு வந்தபோது மேவிஸ் நாய்ப்பண்ணை வாசலில் மழைக்கோட்டோடு நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கொண்டுவந்தவன் அவள் பெயரைக் கேட்டு உறுதிசெய்து, கொடுத்ததைப் படமும் பிடித்துக்கொண்டான். பண்ணை போட்ட வழக்கில் மூன்றாம் பிரதிவாதியாம். அறுபத்தெட்டு வயதில் இப்படியொரு பட்டம் கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆய்வுக்கூடங்களுக்கு நாய் வளர்த்து விற்கும் பண்ணை அது. நாலு வருஷமாக வியாழன்தோறும் வாசலில் நின்று கத்துகிறார்கள். ஊழியர்கள் மினிபஸ்ஸில் வருவார்கள், முகம் தெரியாதபடி தலைமேல் கோட்டைப் போர்த்திக்கொண்டு. பஸ் உள்ளே நுழையும் நேரம் பார்த்து மேவிஸ் ஒலிபெருக்கியில் கேட்பாள்: "நீங்க பண்ற வேலை உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" அது அவளுடைய சொந்தச் சரக்கு. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்து கிளைவ் கட்டைப் பிரித்தான். ஓய்வுபெற்ற தபால்காரன். எந்தக் காகிதத்தையும் கடைசி வரிவரை படிக்காமல் விடமாட்டான்.

"அப்படியொண்ணும் மோசமில்ல மேவிஸ். கத்துறது நம்ம உரிமைன்னு ஜட்ஜே எழுதியிருக்கார். வேலி போட்ட இடத்துல பத்துப் பேர் நிக்கலாம். மணிக்குப் பத்து நிமிஷம் ஒலிபெருக்கி. ஆனா வேலை பாக்குறவங்க வீட்டுக்கு ஐம்பது மீட்டருக்குள்ள போகக் கூடாது, அவங்ககிட்ட பேசவும் கூடாது. அவங்களா எழுதிக் கொடுத்தாத்தான் உண்டு. மீறினா ஜெயில்."

"அவங்க வீட்டுல நமக்கென்ன சோலி?"

"யாரோ போயிருக்காங்களே. இதைப் படிங்க."

சாட்சிகளுக்குப் பெயர் கிடையாது, எழுத்து மட்டும்தான். சாட்சி எஃப் சொல்லியிருந்தது இது: ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை என் வாசற்கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டிருந்தது. பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்வதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அதனால் குடிகாரன் எவனோ செய்ததாகச் சொன்னேன். அம்மா டர்பன்டைன் கொண்டுவந்து என்னோடு சேர்ந்து துடைத்தார்.

மேவிஸ் அதற்குமேல் படிக்கவில்லை. துடைத்த சாயம் ஒரு வாரம்வரை அவள் நகக்கண்ணில் இருந்தது. நாசமாப் போறவன் எவன்டி இதைச் செஞ்சான் என்று அன்றைக்கு மகளைக் கட்டிக்கொண்டு அழுததே அவள்தான்.

அவள் ஃபோனை எடுத்தாள். "ஃபோன் போடாதீங்க" என்றான் கிளைவ். "அதுவும் மீறல்தான்."

அவள் போட்டாள்.

"டாம்சின், சாயம் ஊத்தினது யாருன்னு எனக்குத் தெரியாதுடி. சத்தியமா."

"தெரியும்மா. நீ ஊத்தலன்னு தெரியும்."

"ஏன்டி அங்க போன?"

"இந்த ஊர்ல வேற என்ன வேலை இருக்கு?"

"சரி விடு. சம்மதம்னு ஒரு வரி எழுதிக் கொடு. ஞாயித்துக்கிழமை வழக்கம்போல சாப்பிட வர்றேன். இனிமே பண்ணைப் பக்கமே போகமாட்டேன், போதுமா?"



"வீட்டுக்கு வரக் கூடாதுங்கற பத்தியைச் சேர்க்கச் சொல்லி வக்கீல்கிட்ட கேட்டதே நான்தாம்மா. ரெண்டு வருஷம் அந்தக் கோட்டுக்குள்ள குனிஞ்சு உன் குரலைக் கேட்டிருக்கேன். சுத்தியிருந்தவங்க உன்னைத் திட்டும்போது நானும் சேர்ந்து திட்டினேன். இந்த ஃபோனையும் வக்கீல்கிட்ட சொல்லியாகணும். வெச்சிடு."

மேவிஸ் ஃபோனை வைத்தாள். நாய்களுக்காகத்தானே கத்தினேன் என்று கிளைவிடம் சொன்னாள். அவன் ஆமாம் என்றான். வேறென்ன சொல்வான், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை கால்கள் பழக்கத்தில் அந்தத் தெருவுக்கே போயின. வீட்டிலிருந்து ஐம்பது மீட்டரை மனக்கணக்காய்ப் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் பத்தடி தள்ளி, தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். தூறிக்கொண்டிருந்தது. டாம்சின் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். யாராவது வந்து நின்னா பேசாதீங்க, படம் எடுங்க என்றுதான் சாட்சிகளுக்கெல்லாம் வக்கீல் சொல்லிவைத்திருந்தார். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்து உயர்த்தினாள்.

மேவிஸ் மழைக்கோட்டின் தலைமூடியைப் பின்னால் தள்ளினாள். நெற்றியில் ஒட்டிய ஈரமுடியை ஒதுக்கிவிட்டு, மகள் ஃபோனைக் கீழே இறக்கும்வரை அதற்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.