ஒடியாத எலும்பு

தீவனத் தட்டுகளை நிரப்பிக்கொண்டே போனவள் கொட்டகையின் நடுவில் நின்றுவிட்டாள். வாளிச் சத்தம் கேட்டாலே காலைச் சுற்றிக்கொள்ளும் கோழிகளில் பாதி இன்று வரவில்லை. வந்தவையும் இரண்டெட்டு வைத்துவிட்டு மண்டிபோட்டு உட்கார்ந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். உடம்பு கனமாகத்தான் இருந்தது. கால்தான் தொங்கியது.

“ஏங்க, இங்க வாங்களேன். இதுக்கு என்னாச்சு?”

“என்னைக் கேட்டா? அதைக் கேளு,” என்றான் கணவன். எதையும் ஏன், எதுக்கு என்று நோண்டுகிறவளுக்கு அவன் வைத்த பேர் ‘வக்கீலம்மா’. கோழியைக் கையில் வாங்கியதும் அவன் சிரிப்பு போய்விட்டது. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. கொட்டகையும் உழைப்பும் இவர்களுடையவை. நிற்காத கோழியைக் கம்பெனி எடுக்காது.

மதியம் கம்பெனி டாக்டர் வந்தார். இளவயசுக்காரர். ஒரு கோழியை அறுத்து, கால் எலும்பைச் சதை நீக்கி எடுத்து, இரண்டு கையாலும் வளைத்தார். எலும்பு ஒடியவில்லை. ரப்பர் குழாய் மாதிரி வளைந்தது.

“எலும்பா சார் இது?”

“நல்ல எலும்புன்னா சட்டுனு ஒடியணும்மா. இதுல சுண்ணாம்புச் சத்தே ஏறல. ஒண்ணரை மாசத்துல இவ்ளோ சதை போடுது, அதைத் தாங்க எலும்பு வேணாமா? அதுக்குத்தான் தீவனத்துல தாது உப்பு கலக்குறது. இந்தத் தடவை விட்டுட்டாங்கபோல.”

“குடுங்க சார், நானும் பாக்குறேன்.” வாங்கி வளைத்துப் பார்த்தாள். விட்டதும் நிமிர்ந்தது. மறுபடி வளைத்தாள். கவலைகூட ஒரு கணம் மறந்துபோயிற்று.

டாக்டர் வெளியே போய்க் கம்பெனிக்குப் போன் பேசினார். “இல்ல சார்... ஆமா சார்... சரிங்க சார்.” திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“தரை ஈரமா இருக்கும்மா. பராமரிப்பு சரியில்ல. அதான் கால் போயிருக்கு.”

“இப்பதானே உப்புன்னு சொன்னீங்க?”

“கொட்டகையைச் சுரண்டி வெள்ளையடிங்க. அப்பதான் அடுத்த குஞ்சு இறக்குவாங்களாம்.”

அவள் குனிந்து தரையில் பரப்பியிருந்த உமியை அள்ளினாள். விரலிடுக்கில் அது பொலபொலவென்று உதிர்ந்தது. “இதுவா சார் ஈரம்?”

டாக்டர் காரில் ஏறிவிட்டார்.

“விடு. அடுத்த குஞ்சும் வரலன்னா எங்க போறது?” என்றான் கணவன், குரலைத் தாழ்த்தி.

மறுநாள் லாரி வந்தது. நிற்கிற கோழிகளைக் கூண்டில் அடைத்தார்கள். மிச்சத் தீவனத்தையும், காலிச் சாக்குகளையும்கூட ஏற்றினார்கள்.

“காலிச் சாக்கு எதுக்குங்க?”

“தெரியலக்கா. ஒண்ணுவிடாம எடுத்துட்டு வரச் சொன்னாங்க,” என்றான் லாரிக்காரன்.

நிற்காதவை கொட்டகையிலேயே கிடந்தன. அவள் கொத்துக்கரண்டியை எடுத்துச் சுவரின் பழைய வெள்ளையைச் சுரண்டத் தொடங்கினாள். சுண்ணாம்பு சில்லு சில்லாக உதிர்ந்தது. முதுகுக்குப் பின்னால் உமி சரசரத்தது. திரும்பினாள். மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் கோழிகள் இறக்கையை ஊன்றி, வயிற்றை இழுத்துக்கொண்டு சுவரோரம் வந்துகொண்டிருந்தன. முதலில் வந்து சேர்ந்த கோழி காலடியில் கிடந்த சுண்ணாம்புச் சில்லைக் கொத்தி விழுங்கிவிட்டு, கழுத்தை நிமிர்த்தி அவள் கையைப் பார்த்தது.