முதல் வெள்ளத்தின் மூன்று பாட்டில்கள்

பால் பாக்கெட்டுகளுக்கு இடம் போதாமல், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வரிசையாக நின்ற மூன்று பாட்டில்களை எடுத்து, ஒன்றைக் கதவிலும் இரண்டைக் காய்கறிப் பெட்டியிலும் மூத்த நாத்தனார் செருகிக்கொண்டிருந்தபோதுதான் அவள் சமையலறைக்குள் வந்தாள்.

"அண்ணி, அதைத் தொடாதீங்க," என்றாள்.

"இந்தச் சேத்துத் தண்ணியையா? வந்தவங்களுக்கு டீ போட வேணாமா?" நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க இங்க குடிவந்த புதுசுல, தினம் பை நிறைய பாட்டிலோட வர்றாரே, குடிகாரர் போலன்னு பக்கத்து வீட்டுக்காரங்க உன்கிட்ட துக்கம் விசாரிச்சாங்களாமே. தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கூடத்தில் அவள் கணவர் கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். நான்கு மணிக்குச் சுடுகாட்டு வண்டி வரும்.

மூன்றரைக்கு அவருடைய நீர் ஆய்வகத்திலிருந்து உதவியாளர் வந்தாள். பத்து வருடமாக அவருடன் வேலை பார்த்தவள். கூடத்தில் நின்று அழுதுவிட்டுச் சமையலறை வாசலில் வந்து தயங்கினாள். கையில் ஐஸ் பெட்டி.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக்கூடாது..."

"எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள்ள அளக்கணும். எடுத்துக்கோ."

அவர் அளந்துவந்த ஆற்றின் மாதங்களை அவள் சாப்பாட்டு மேசையில் கேட்டே பழகியவள். கோடையில் தண்ணீர் மெலிந்து உப்பு ஏறும். மழைக்காலத்தில் தண்ணீர் பெருகி உப்பு கரைந்து குறையும். இரண்டுக்கும் நடுவே முதல் வெள்ளம். வயலிலும் வாய்க்காலிலும் கோடை முழுக்கப் படிந்து கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் ஆற்றுக்குள் இறங்கும் அந்த அரை நாளை மூன்று வருடமாகத் தவறவிட்டுத் தவறவிட்டு, நேற்றுத்தான் பிடித்தார். தொப்பலாக நனைந்து வந்தார்.

உதவியாளர் பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "லேபிள்ல மை எல்லாம் கரைஞ்சிருக்கே. எது எந்த இடம்?"

"வரிசையா வெச்சிருந்தார். கலைஞ்சு போச்சு."

நாத்தனார் தேநீர்ப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உப்பை அளந்து பாத்துக் கண்டுபிடிக்க முடியாதா?" என்று அவள் உதவியாளரைக் கேட்டாள்.

"மத்த நாள்னா முடியும்க்கா. அணைக்கு மேல கம்மி, கீழ கொஞ்சம் கூட, சாயப்பட்டறை வாய்க்கால் கலக்கற இடத்துல ரொம்ப ஜாஸ்தி. முதல் வெள்ளத்துல அந்த வரிசை மாறுதான்னு பாக்கத்தானே சார் போனதே." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

சொன்னார். தலையைத் துவட்டிக்கொண்டே, கீறல் விழுந்த பாட்டில் எது, மூடி நசுங்கினது எது, புதுசு எது என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். "ஞாபகம் வெச்சுக்கோ, காலையில நான் குழம்பிடுவேன்," என்றார். அவள் தங்கையோடு போனில் இருந்தாள். "ம்" என்றாள்.

உதவியாளர் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. ஒரு வரிசையைச் சொன்னால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை.

"கீறல் விழுந்தது..." என்று அவள் தொடங்கினாள். பேனா கட்டத்துக்கு வந்தது. "அணைக்கு மேல."

எழுதுவதற்குள் அவள் கை பதிவேட்டின் மேல் விழுந்தது.

"எழுதாதே. எனக்குத் தெரியாது. அவர் சொன்னார், நான் கேக்கலை."

உதவியாளர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று கட்டங்களிலும் ஒவ்வொரு கோடு இழுத்தாள்.

"எந்த இடம்னு தெரியாம அளந்து பிரயோஜனமில்லை. கொட்டிடவாக்கா?"

"நானே கொட்டறேன்."

முதல் பாட்டில் தொட்டியில் செம்மண் நிறமாகச் சுழன்று இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"அம்மா, வண்டி வந்துடுச்சு," என்று மகள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"வரேன்."

இரண்டாவது பாட்டிலின் மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது. அவள் விரலுக்கு அது அசையவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் பிடித்தாள்.