பத்தொன்பது கல்லும் ஒரு சிமெண்டும்

"நிறுத்து! கையை எடு!" என்று மேஸ்திரி போட்ட சத்தத்தில், பின்வாசல் குழாயடியில் குந்தியிருந்த மச்சினியின் கையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் நார் நழுவி வாளிக்குள் விழுந்தது. வாளி நிறையச் சோப்பு நுரை. நுரைக்கு அடியில் கற்கள். மேலே சின்னச் சின்ன வட்டக் காகிதங்கள் மிதந்தன. ஏழு, பதினொன்று, மூன்று, பதினெட்டு என்று ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருந்தது.

"என்ன அத்தான், இப்படிப் பயமுறுத்துறீங்க? நாலு பேர் வந்து போற நேரம். அக்கா கட்டிலுக்கடியில ஒரு பொட்டி நிறைய மண்ணும் கல்லுமா கிடந்துச்சு. அதான் கழுவி வைக்கலாம்னு..."

"அது மண்ணு இல்லம்மா. அவ வச்ச பரீட்சை."

துக்கம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் வாயடைத்துப் போவார்கள். மச்சினி கழுவுவாள். காலையில் அக்கா போய்விட்டாள் என்று தெரிந்து ஓடிவந்தவள், அழுத கண்ணோடு அடுப்படியைக் கழுவி, சன்னல் கம்பிகளைக் கழுவி, கடைசியில் இந்தப் பெட்டியில் வந்து நின்றிருக்கிறாள். அவளைக் கோபித்து என்ன செய்வது?

"இன்னொண்ணு சொன்னா திட்டக் கூடாது" என்று அவள் மெல்லக் கையை விரித்தாள். உள்ளங்கையில் கோலிக்குண்டு அளவுக்கு ஏதோ பளபளத்தது. "இது முட்டை அளவுக்கு இருந்துச்சு அத்தான். சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல. தேய்க்கத் தேய்க்கச் சின்னதாயிட்டே போகுது."

அது பாறை உப்பு. மேஸ்திரிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கல்லைக் கழுவிக் கரைத்த கதையைக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்க வேண்டிய மனைவி, முன்னறையில் போர்த்திப் படுத்திருந்தாள்.

அவள் கல்லூரியில் முதலாண்டுக்குப் பாறைகளையும் கனிமங்களையும் பற்றிப் பாடம் நடத்தினாள். நிலவியல் என்பது பாடத்தின் பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் கல்லு கிளாஸ். எந்தப் பட்டம் படித்தாலும் ஓர் அறிவியல் பாடமாவது தேற வேண்டும் என்று அந்தக் கல்லூரியில் சட்டம். கணக்குக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் எல்லாம் அங்கேதான் ஒதுங்குவார்கள். முதல் நாளே அவள் சொல்லிவிடுவாள்: "தலைக்குள்ள கல்லு இருந்தாலும் பரவாயில்ல. கையில இருக்கிறது என்ன கல்லுன்னு சொல்லத் தெரிஞ்சா போதும்."

ஆண்டுக் கடைசியில் செய்முறைப் பரீட்சை. ஒரு பெட்டியில் எண் ஒட்டிய இருபது துண்டுகள் இருக்கும். கீறிப் பார்க்க ஓர் ஆணி, கண்ணாடித் துண்டு, சொட்டு அமிலம், தண்ணீர் எல்லாம் கொடுப்பாள். இருபதில் பத்தொன்பதுதான் கல். மிச்சம் ஒன்று கல்லே இல்லை. அதற்குப் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல், இது கல் இல்லை என்று துணிந்து எழுதுகிற பிள்ளைதான் அவளுக்குச் செல்லப்பிள்ளை.

அந்தக் கள்ளத் துண்டைக் கொண்டுவருவது மேஸ்திரியின் பங்கு. வீடுகளுக்குத் தரை போடும் தொழில் அவருக்கு. பெட்டியில் எதையாவது சத்தமில்லாமல் கலந்துவிடுவார். அவள் எண் ஒட்டும்போது அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் ஆட்டம். ஆற்றில் உருண்டு வழுவழுப்பான செங்கல்லைக் கொண்டுவந்தார். வார்ப்படப் பட்டறையில் கிடந்த உலைக்கசடைக் கொண்டுவந்தார். பாட்டில் கண்ணாடியை மணலில் உரசி உரசி மங்கலாக்கி வைத்தார். டீ ஆறுவதற்குள் பிடித்துவிடுவாள். "இதுதானே மேஸ்திரி?" என்று தூக்கிக் காட்டும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அவளிடம் ஒரு வருஷம்கூட அவர் பருப்பு வேகவில்லை.

இந்த வருஷம் அவரே ஒன்று செய்தார். அவள் மூச்சிரைப்பு முற்றி விடுப்பில் உட்காருவதற்கு முன்பே தொடங்கிய வேலை அது. வெள்ளைச் சிமெண்டில் பளிங்குத் தூளும் இளஞ்சிவப்புச் சில்லும் கலந்தார். பழைய இஸ்திரிப்பெட்டியைப் பிரித்துக் காக்காப்பொன் என்கிற மைக்காத் தகட்டை எடுத்து நொறுக்கிச் சேர்த்தார். நாலைந்து முறை செய்து பார்த்துக் கெடுத்து, ஒன்று சரியாக வந்ததும் இறுக வைத்து, சுத்தியலால் ஒரே போடு போட்டு முகம் உடைத்து, ஈரம் இழுக்காதபடி மெழுகு பூசினார். பெற்ற தாய் மலைகூடத் தன் பிள்ளை என்றுதான் சொல்லும். அப்படி ஒரு கிரானைட்.

நேற்று மாலை அவள் தலையணையில் சாய்ந்துகொண்டு எண் ஒட்டினாள். அவர் செய்ததைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். எண்ணை ஒட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

கடைசிவரை அவள் எதையும் தூக்கிக் காட்டவில்லை.

"என்ன டீச்சர், இந்த வருஷம் ஒண்ணும் மாட்டலையா?"

"களைப்பா இருக்கு மேஸ்திரி. நாளைக்குப் பேசிக்கலாம்."

காலையில் அவள் எழவில்லை.

காலையிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்தது இதுதான். ஜெயித்துவிட்டார், ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை. கண் தெரியாதவள் கையில் செல்லாத காசைத் திணித்துவிட்டு வந்தது போல் இருந்தது. சீக்கு அவள் கண்ணை மங்கவைத்த நேரம் பார்த்து ஏமாற்றியிருக்கிறோம். சொல்லிச் சிரிக்கவும் அவகாசம் இல்லாமல், ஏமாந்தவளாகவே போய்விட்டாள். அந்தத் துண்டை யாரும் பார்ப்பதற்குள் எடுத்து எங்காவது வீசிவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்காகப் பெட்டியைத் தேடித்தான் பின்வாசலுக்கு வந்தார்.

மச்சினி கற்களை அலசி, பின்வாசல் படியில் துண்டு விரித்து, வெயிலில் வரிசையாகப் பரப்பினாள். சோப்பும் நாரும் போட்ட போட்டில் மெழுகு இருந்த இடம் தெரியவில்லை. ஆனாலும் அவருடையது அவருக்குத் தெரியாதா? குனிந்து கையை நீட்டினார். அதற்குள் முன்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

துறைத் தலைவர் வந்திருந்தார், பின்னால் ஒரு கூட்டம் பிள்ளைகள். தலைவர் வேதியியல்காரர். கல்லூரியில் கல்லைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த ஒரே ஆள் முன்னறையில் படுத்திருப்பவள்தான். அவர் மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்கக் கூடாத நேரம். ஆனா அடுத்த வாரம் பரீட்சை. மேடம் ஒரு பெட்டி ரெடி பண்றதா சொல்லியிருந்தாங்க..."

"ரெடி பண்ணினா சார். என் மச்சினி அதைக் கழுவிட்டா."

"கழுவி?"

"நம்பரெல்லாம் போயிடுச்சு. ஒரு கல்லு கரைஞ்சும் போயிடுச்சு."



முன்னறை சின்னது. பார்த்துவிட்டு நகர்ந்த பிள்ளைகள் ஒதுங்க இடமில்லாமல் பின்வாசலுக்குப் போனார்கள். மேஸ்திரிக்குத் திக்கென்றது. பின்னாலேயே ஓடினார். போவதற்குள் படியைச் சுற்றி வளைத்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதையும் தொடவில்லை, முதலில். அப்புறம் ஒருவன் பொறுக்கமாட்டாமல் அந்தக் கோலிக்குண்டு அளவு உப்புக்கல்லை எடுத்து நாக்கில் வைத்தான்.

"டேய், சாவு வீட்டில என்னடா நக்கிட்டிருக்க?" என்று பக்கத்திலிருந்தவன் அதட்டினான்.

"சந்தேகமா இருந்தா நக்கிப் பாருன்னு டீச்சர்தானே சொல்லிக்குடுத்தாங்க?" என்றவன் முகத்தைச் சுளித்தான். "சோப்பு."

பின்னால் வந்து நின்ற தலைவர், "போச்சு, இதுங்க பார்த்தாச்சு. இனி வேற கல்லு தேடணும்" என்று முணுமுணுத்தார்.

படியோரம், மற்றவர்களைவிட மூத்தவளாக, மெலிந்த பெண் ஒருத்தி இருந்தாள். அவள் யாரென்று மேஸ்திரிக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இரண்டு முறை தவறி மறுபடி அதே பாடத்தை எடுத்தவள். "நம்ம மூணாந்தடவை இன்னிக்கு என்ன கேட்டா தெரியுமா?" என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் வாயில் அவள் பேச்சு அடிபடும். மூணாந்தடவை துண்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். அவர் எடுக்க வந்ததை. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் காஞ்சிடுச்சு. இது மட்டும் இன்னும் ஈரமா இருக்கு."

"கிரானைட்தாம்மா அது" என்றார் மேஸ்திரி. குரல் அவருக்கே நம்பும்படியாக இல்லை.

"கிரானைட் இப்படித் தண்ணி குடிக்காது சார். சிமெண்ட்தான் குடிக்கும்." நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் மேஸ்திரியா?"

அவர் தலையாட்டினார்.

"கடைசி வகுப்புக்கு டீச்சர் ஒரு வாளித் தண்ணியோட வந்தாங்க சார். இந்த வருஷம் எதையும் நனைச்சுப் பார்க்காம பேர் எழுதாதீங்கன்னாங்க. 'எங்க வீட்டு மேஸ்திரி பொறுக்கிட்டு வந்து வந்து தோத்துட்டார். இப்ப சொந்தமா செய்ய ஆரம்பிச்சிருக்கார். நகத்திடுக்குல எல்லாம் வெள்ளைச் சிமெண்ட். கேட்டா பாத்ரூம் வேலைங்கிறார். பாத்ரூமுக்கு எதுக்கு இஸ்திரிப்பெட்டியைப் பிரிக்கணும்?'னு கேட்டாங்க. வகுப்பே சிரிச்சுது."

பாத்ரூம் வேலை என்று அவர் பொய் சொன்னது நிஜம்தான். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"அப்போ நேத்து நல்லாருக்குன்னு சொன்னாளே?"

மூணாந்தடவை கல்லைத் துண்டில் திருப்பி வைத்தாள். "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. கண்டுபிடிச்சாலும் அவர்கிட்ட காட்டிக்காதீங்க, நானும் காட்டிக்கப் போறதில்ல, இந்த ஒரு தடவையாவது அவர் ஜெயிக்கட்டும்னாங்க. தப்புப் பண்ணிட்டேன் சார். மன்னிச்சுக்குங்க."

மேஸ்திரி அப்படியே படியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கிற்று. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் மச்சினி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அவள் ஏமாந்துபோகவில்லை. அது போதும் அவருக்கு. கண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்ததை அவர் துடைக்கவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. தூக்குவதற்கு முன், மேஸ்திரி எல்லாரையும் கொஞ்சம் விலகச் சொல்லிவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

"பாத்ரூம் வேலை இல்ல டீச்சர்."

பிறகு நிமிர்ந்து, தலைமாட்டில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அத்தான் சொன்னீங்க?" என்றாள் பக்கத்தில் நின்ற மச்சினி.

"ஒண்ணுமில்ல. அந்தக் கல்லுங்களை இப்ப உள்ள எடுத்துடாதே. ஒண்ணு இன்னும் காயல."